நாலு வரி

லைப்ரரி ஆப் காங்கிரஸ் முறைப்படி புத்தகம் அடுக்கும் அமெரிக்க சர்வகலாசாலைகளில், தமிழ் எழுத்தாளர்கள் அநேகருக்கு ஒரே தெருதான்: பி.எல். 4758.9. அதன் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் கதவிலக்கம் மாதிரி.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படிப்பட்ட ஒரு புத்தகசாலையில் என் முதல் நாவலைத் தேடினேன். என்னிடமே பிரதி கிடையாது. கம்ப்யூட்டர் 'இருக்கிறது' என்று சாதித்தது. அலமாரி கையை விரித்தது.

அங்கெல்லாம் புத்தகம் அடுக்குவது பெரும்பாலும் மாணவர்கள். மேற்படிப்புப் படிப்பவர்களும் மணிக்கணக்கில் சம்பளம் பெற்று இந்த வேலையைச் செய்கிறார்கள். எனக்கு உதவ வந்த பெண் தாவர சாஸ்திர ஆராய்ச்சி மாணவி. தமிழில் 'அ' கூடத் தெரியாது. என் கதவிலக்கத்தைப் பார்த்தாள்: கே27. நேரே கே9-ஐத் தாண்டிப் போய்க் கையை விட்டாள். நாவல் வந்துவிட்டது!

மந்திரம் ஒன்றுமில்லை. அந்த 27-ஐத் தசமமாகப் படிக்கவேண்டும். 3-க்கு முன்னால் நிற்கவேண்டிய புத்தகம். யாரோ புதியவர் இருபத்தேழு என்று படித்து, 9-க்கு அப்பால் வைத்துவிட்டார். இடம் மாறிய புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

இந்த அலமாரிச் சந்துகளை லேசாக நினைக்கக் கூடாது. 1962-இல் சிகாகோ சர்வகலாசாலையின் ஹார்ப்பர் நூலக நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போன ஏ. கே. ராமானுஜனின் கையில், உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை தட்டுப்பட்டது. 1967-இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது அந்தச் சந்திப்பின் பலன்தான்.

சிறந்த மாணவ உதவியாளர்களை ஆண்டுதோறும் தேர்ந்து, பத்திரமும் கொஞ்சம் பணமும் கொடுப்பது அங்கே பல புத்தகசாலைகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவருக்குச் சிபாரிசு குவியும். அலமாரியடியில் குந்தி எண் சரிபார்ப்பவளை யாருக்குத் தெரியும்? அவளுடைய மேலதிகாரி அதை உணர்ந்தவர். "வெள்ளிக்கிழமைக்குள் நாலு வரி எழுதிக் கொடுங்களேன்" என்று என்னிடம் கேட்டார்.

நாவலாசிரியன் அல்லவா நான்! முதல் வாக்கியத்தையே மூன்று நாள் அடித்துத் திருத்தினேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது. பரிசும் வேறு யாருக்கோ போயிற்று.

ஊர் திரும்புமுன் நாவலைக் கொடுக்கப் போனேன். அவள்தான் இருந்தாள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. புத்தகத்தின் முதுகிலிருந்த எண்ணை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"இதை நானே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.