கேட்பதே முதற்பாடம்

இளைஞருக்கு விசுவாசத்தைக் கற்பிப்பதை எங்கிருந்து தொடங்குவது? குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஜோசப் கார்டைன், ஆலைக்குச் சென்றுவிட்ட தம் பள்ளித் தோழர்கள் திருச்சபையினின்று அகன்றிருக்கக் கண்டு கலங்கினார். 1925இல் பெல்ஜியத்தில் அவர் தோற்றுவித்த இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், மறையுரையில் அல்லாமல் இளைஞரின் அன்றாட வேலையிலேயே தொடங்கியது: பார், சீர்தூக்கு, செயல்படு. இம்முறையைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் தம் சமூகத் திருமடலில் பரிந்துரைத்தார்.

மூலக்குளத்தை அடுத்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்த இளைஞன் ஞாயிறு காலையில் அயர்ந்து உறங்குகிறான். 'கோவிலுக்கு வருவதில்லை' என்கிறோம். அவன் வேலை எத்தகையது, கூலி நியாயமானதா, உடன் உழைப்பவர் படும் பாடு என்ன என்று என்றேனும் கேட்டோமா? எம்மாவு வழியில் நடந்த இருவரிடம் ஆண்டவர் முதலில் கேட்டார். பின்னரே மறைநூலை விளக்கினார்.