பினாங்கில் மூன்று நாள்: எங்கள் பயணத் திட்டம்



வரும் பள்ளி விடுமுறையில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்கு மூன்று நாள் சுற்றுலா அழைத்துச் செல்ல உள்ளோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை அறிவித்தவுடன் ஒரு தந்தை எழுந்தார். "பக்கத்தில் இருக்கிற ஊர்தானே டீச்சர்? அங்கே மூன்று நாள் எதைப் பார்ப்பது? நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனால் பிள்ளைகள் மகிழ்வார்களே!" என்றார். நியாயமான கேள்விதான். கெடாவில் வாழும் நாம் பினாங்குக்குத் துணி வாங்கவும் மருத்துவமனைக்கும் தைப்பூசத்திற்கும் போகிறோம். போன வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். ஊரைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

முதல் நாள் சுங்கைப் பட்டாணியில் தொடர்வண்டி ஏறி பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து படகில் கடலைக் கடப்போம். பாலத்தின் வழியே பேருந்தில் போவது எளிது. ஆயினும் அந்த ஊருக்குள் முதன்முதலில் கடல் வழியாக நுழைவதே முறை என்பது என் பிடிவாதம். இப்போது ஓடுபவை 2023இல் வந்த புதிய படகுகள். கார்களை ஏற்றிச் சென்ற பழைய பெரிய படகுகளைப் பெற்றோர்கள் நினைவுகூர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கரை இறங்கியதும் கார்ன்வாலிஸ் கோட்டை. பாடநூலில் பிரான்சிஸ் லைட் 1786இல் வந்தார் என்று ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அத்தீவு கெடா சுல்தானுடையது என்பதையும், சயாமியருக்கு எதிராக உதவி கிடைக்கும் என்று நம்பியே அவர் அதைக் கொடுத்தார் என்பதையும், அந்த உதவி வரவே இல்லை என்பதையும் அந்த மதிலருகே நின்று சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்கள். 1791 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி. 1800இல் எதிர்க்கரையும் போனபின் 10,000. நம் மாநிலத்தின் கதை அல்லவா இது!

நண்பகலில் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடி போல் தோளில் தண்டு வைத்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு இது. பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு: இக்கடைகளில் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவதே வழக்கம், அவற்றுள் மாட்டிறைச்சிக் குழம்பும் இருக்கக்கூடும். ஆகவே கடைக்காரரிடம் முன்னரே பேசி, நம் பிள்ளைகளுக்குக் கோழிக் குழம்பும் காய்கறியும் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாலையில் பசெம்போர், வெயிலுக்குச் செண்டோல், மறுநாள் காலையில் ஆப்பம். இந்த ஆப்பத்தை மலாய்க்காரரும் சீனரும் 'அப்போம்' என்று சொல்லி வாங்குவதை மாணவர் காதால் கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள் முழுவதும் நடைதான். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் உள்ளன. 2008இல் யுனெஸ்கோ இவ்வூரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இத்தெருக்களும் ஒரு காரணம்.

பள்ளிவாசலின் பெயர்ப் பலகையருகே அரை மணி நேரம் ஒதுக்கியுள்ளேன். ஏனெனில் அங்குள்ள 'கெலிங்' என்ற சொல்லைக் கண்டதும் மாணவர் முகம் மாறும். விளையாட்டுத் திடலிலும் கடைவீதியிலும் அதை வசைச்சொல்லாகக் கேட்டவர்கள் அவர்கள். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறித்த பழைய சொல் அது என்பதையும், 'கப்பித்தான் கெலிங்' என்றால் அச்சமூகத்தின் தலைவர் என்று பொருள் என்பதையும், அப்பதவியை வகித்த காதர் முகைதீன் என்ற வணிகரே இப்பள்ளிவாசலை எழுப்பினார் என்பதையும் விளக்குவேன். இன்று அச்சொல்லை வீசுபவரை இந்த விளக்கத்தால் மன்னித்துவிட முடியுமா என்று ஒரு மாணவி கேட்டால், முடியாது என்றே சொல்வேன். ஆனால் அடுத்த முறை அது காதில் விழும்போது, அந்தப் பழைய பொருளும் அவள் மனத்தில் இருக்கும்.

சூலியா தெருவையும் லிட்டில் இந்தியாவையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, நாம் அறிந்தவையே. ஆர்மேனியன் தெருவின் மிதிவண்டிச் சிறார் ஓவியத்தின்முன் படமெடுக்கப் பத்து நிமிடம். அதற்குமேல் தரமாட்டேன்!

மூன்றாம் நாளுக்காகவே இத்திட்டம் முழுவதும். எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள தோட்டத்தில் ஆயுள் முழுதும் பால் வெட்டிய ஒரு பெரியவர், சிறுவனாக இருந்தபோது தாயின் கைப்பிடித்து 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய அக்கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் எங்கள் வகுப்பறைகளில் பலர் உண்டு. அவர்கள் பெயரறியார், ஊரறியார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபின் சொல்வதற்கும் ஆளில்லை. எனக்குத் தெரிந்து இவ்வட்டாரத்தில் ரஜூலாவில் வந்தவர் இனி இவர் ஒருவரே.

"நடக்கக் கால் ஒத்துழைக்காது அம்மா" என்றார் பெரியவர். எனவே, எங்களை அழைத்துவர மூன்றாம் நாள் வரும் வாடகைப் பேருந்திலேயே அவரையும் ஏற்றிவர ஏற்பாடு செய்துள்ளோம். துறைமுகத்தருகே நிழலில் நாற்காலி போட்டு அமர்த்துவோம். மாணவர் ஆளுக்கொரு கேள்வி எழுதி வர வேண்டும். அவர் எதை நினைவில் வைத்திருக்கிறாரோ அதைச் சொல்லட்டும். மறந்ததை நாங்கள் துருவப் போவதில்லை. பெற்றோர்களும் தங்கள் வீட்டுப் பாட்டி தாத்தாவிடம் வந்த கப்பல், ஏறிய ஊர் எதுவென்று இந்த வாரமே கேட்டு, ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

திரும்பும்போது பாலத்தின் வழியே வருவோம். வலப்பக்கம் ஜெரெஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்க்கு அஞ்சித் தனியே தங்கவைத்த தீவு அது. பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள சன்னலோர இருக்கையைப் பெரியவருக்கென ஒதுக்கியாயிற்று. அவருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று இப்போதே வகுப்பில் சண்டை நடக்கிறது.