முகத்தின் தோல்



ஞாயிறுதோறும் பாவ அறிக்கைக்கு உங்களை அழைக்கிறவன் நான். இவ்வாரம் அந்த வரிசையில் முதல் ஆளாக நானே நிற்க வேண்டியிருக்கிறது. காரியம் சிறியது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, குருமனையின் முன்னறையிலிருந்து கைப்பேசி வழியாக ஆராதனை நடத்தத் தொடங்கினோம். அதுவரை என் முகத்தை நான் பார்த்தது சவரம் செய்யும் கண்ணாடியில் மட்டுமே. அதுவும் தாடையை மாத்திரம் பார்ப்பேன். இப்போதோ பிரசங்கம் முடிந்ததும் பதிவைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் என் முகமே எனக்கு எதிரே. கண்களுக்குக் கீழே தொங்கும் பை, புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள், மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இறங்கும் பள்ளம், கன்னங்களில் கருமை. இவர் யார், என் தகப்பனாரா என்று ஒருகணம் மயங்கினேன்.

கைப்பேசியில் 'பியூட்டி' என்று ஓர் அமைப்பு இருப்பதைத் தற்செயலாகக் கண்டேன். விரலால் சற்றே நகர்த்தினால் போதும், பத்து வயது குறைந்துவிடுகிறது. அறையில் வெளிச்சம் போதவில்லை, அதற்காகத்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆலயம் திறந்த பிறகும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காகவும் நடமாட முடியாத முதியோருக்காகவும் நேரலை தொடர்ந்தது. அந்த அமைப்பும் தொடர்ந்தது. இதை என் துணைவியாருக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறன்று ஒரு பிரசங்கம் செய்தேன். யேகூ வருகிறான் என்று கேட்டு யேசபேல் தன் கண்களுக்கு மையிட்டதை எடுத்துக்கொண்டு, முகப்பூச்சுகளையும் பார்லர்களையும் ஒரு பிடி பிடித்தேன். ஐம்பது வயதில் இருபது வயது முகம் எதற்கு என்று கேட்டேன். சபையார் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் பிரசங்கியாருக்கு நாவு நீளும். மேலும் இரண்டு வேடிக்கை சொன்னேன்.

வேதசாஸ்திரக் கல்லூரியில் எபிரெயம் படித்தவனுக்கு அது அழகல்ல. யேசபேலின் கண்மையைக் குறிக்கும் அதே எபிரெயச் சொல், யோபின் மூன்றாம் மகளின் பெயருக்குள்ளும் இருக்கிறது. அப்பெயரின் பொருள் கண்மை வைக்கும் கொம்பு என்பதாகும். துன்பமெல்லாம் தீர்ந்து பிறந்த பெண்ணுக்குத் தகப்பன் இட்ட பெயர் அது. யேசபேலின் பாவம் நாபோத்தின் இரத்தத்தில் இருக்கிறது, அவளுடைய மைச்சிமிழில் அல்ல. 104ஆம் சங்கீதமோ, முகத்தை மினுங்கச் செய்யும் எண்ணெயை அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் சேர்த்து, தேவன் மனுஷனுக்கு அருளும் நன்மைகளின் வரிசையிலேயே வைக்கிறது. இவை யாவும் எனக்குத் தெரிந்தவைதாம். தெரிந்தும் சிரிப்பைத் தேடிப் போனேன்.

அப்பிரசங்கத்திற்குப் பின் ஒரு சகோதரியை ஆலயத்தில் காணவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம். வயது நாற்பத்தெட்டு. மூன்றாம் வரிசையில், தூணை அடுத்து உட்காருகிறவர். இரண்டு மாதம் திருவிருந்துக்கும் வரவில்லை. என் துணைவியார் வீட்டிற்குச் சென்று பார்த்தபோது, முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்தபடி கதவைத் திறந்திருக்கிறார். கன்னங்கள் இரண்டும் தீப்பட்டதுபோல் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளங்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவர் கன்னத்தில் மங்கு படர்ந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஒரு களிம்பின் பெயரைச் சொல்ல, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்திருக்கிறது. இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "என்னம்மா, வயசு இறங்கிட்டே போகுது" என்று ஆலய வாசலில் பலரும் சொன்னார்களாம். அவர்களில் நானும் ஒருவன். என் பிரசங்கத்தைக் கேட்ட அன்றிரவே வெட்கப்பட்டு அக்களிம்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். ஒரே வாரத்தில் முகம் எரியத் தொடங்கியது. "பூசினா யேசபேல், பூசாட்டா இந்தக் கோலம். நான் எந்த முகத்தோட கோயிலுக்கு வர்றதும்மா?" என்று என் துணைவியாரிடம் கேட்டிருக்கிறார். அன்றிரவு என்னால் உண்ண முடியவில்லை.

மறுநாள் மூவருமாகத் தோல் மருத்துவரிடம் சென்றோம். அம்மருத்துவர் குழாயின் பெயரைக் கேட்டதுமே தலையை அசைத்தார். அக்களிம்பில் மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தன: நிறத்தை மங்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் டிரெடினாயின், இவற்றோடு ஒரு ஸ்டீராய்டு. மங்கு உள்ளவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் தரவேண்டிய மருந்து. மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்கிறது. உள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. பருக்களும் பூனைமுடியும் வருகின்றன. தோல் அம்மருந்துக்கு அடிமைப்பட்டுவிடுவதால், திடீரென நிறுத்தினால் நெருப்பாய் எரியும். இளமைக்காகப் பூசியது தோலை முதுமையடையச் செய்துகொண்டிருந்தது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் அவற்றை அட்டவணை எச்-இன் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. ஆயினும் கேட்டால் கிடைக்கிறது.

பெயர் தெரியாத, மூலப்பொருள் அச்சிடாத சிவப்பழகுக் களிம்புகளைப் பற்றி அவர் சொன்னது இதைவிடப் பயங்கரம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய களிம்பைப் பூசியவர்கள் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டு மேசையில் அப்படி ஏதேனும் இருந்தால், இதை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சகோதரிக்கு மருந்தை எழுதிக்கொண்டிருந்தபோது, முகம் தளராதிருக்க உண்மையாகவே உதவுவது எது என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா பைக்குல தொப்பியில்லாம நிறைய சுத்துவீங்களோ?" என்றார். ஏழு கிராமச் சபைகள் உள்ள சேகரத்தில் வேறெப்படிச் செல்வது!

அவர் விளக்கியதை என்னால் இயன்ற அளவு எழுதுகிறேன். தோலைத் தாங்கிநிற்பது கொலாஜன் என்னும் புரதம். வாலிபம் கடந்தபின் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. (ஐம்பது வயதைச் சொல்லி நான் எள்ளி நகையாடியது எந்த ஐந்து ஆண்டுகளை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.) இதில் நம் கையில் இல்லாதது ஒரு பங்கு, ஆனால் சுருக்கம், கருந்திட்டு, தொய்வு ஆகியவற்றில் பெரும்பங்கு வெயிலின் வேலை. கருமையான தோலில் உள்ள மெலனின் ஓரளவு காப்பதால் நமக்குச் சுருக்கம் தாமதமாகவே வருகிறது. அதற்குப் பதிலாக மங்கும் திட்டும் முந்திக்கொள்கின்றன.

அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒரு முதியவரின் படம் 2012இல் மருத்துவ இதழொன்றில் வெளியானதாம். சன்னல் பக்கமாயிருந்த இடக்கன்னம் பாளம்பாளமாகச் சுருங்கியிருக்க, வலக்கன்னம் அப்படி இல்லை. புறஊதாக் கதிர்களில் 'ஏ' வகை கண்ணாடியையும் ஊடுருவி வரும். இதைக் கேட்டபின், ஓய்வுபெற்ற நம் ஓட்டுநர் சகோதரர் ஒருவரை வாசலில் நிறுத்திக் கவனித்தேன். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம், அவருக்கு வலக்கன்னமே மூத்திருந்தது.

ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்னும் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசுமாறு சொல்லப்பட்டவர்களுக்கும், விரும்பியபோது பூசியவர்களுக்கும் புறங்கைத் தோலில் அச்செடுத்து ஒப்பிட்டார்கள். நாலரை ஆண்டு கழிந்தபின், நாள்தோறும் பூசியோரின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாயிருந்தது. அவர்களுடைய தோல் பெரும்பாலும் வெண்மையானது என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் மங்குள்ள நம்மவருக்கு வெயிலைத் தடுப்பதே முதல் மருந்து என்றார் மருத்துவர். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது. இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசவேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. குடை இருந்தால் இன்னும் நல்லது. குளித்தவுடன் ஈரம் காயுமுன் ஏதேனும் எளிய மாய்ஸ்சரைசர். எலுமிச்சை பிழிந்து முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே கூடாது, தோல் வெந்து கறுத்துவிடும். டிரெடினாயின் தனியாகச் சுருக்கங்களுக்கு உதவும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் மருத்துவர் சொல்லியே பூசவேண்டும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. புகைப்பிடிப்பவர்களுக்கு வாயைச் சுற்றிக் கோடுகள் சீக்கிரம் விழும். அவர்களுக்கு எந்தக் களிம்பும் வீண் செலவு. எலும்பும் கொழுப்பும் வயதோடு குறைவதால் முகத்தின் உருவமே மாறுகிறது, அதைப் பூச்சு எட்டாது என்றும் சொன்னார்.

எஸ்தரை நினைத்துக்கொண்டேன். சூசான் அரமனையில் ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் சுகந்தவர்க்கங்கள் என்று பன்னிரண்டு மாதம் அவள் மேனி பேணப்பட்டது. வேதம் அதைப் பழிக்கவில்லை, புகழவுமில்லை. நடந்தது என்று சொல்லிக் கடந்துபோகிறது. நானும் அப்படிக் கடந்திருக்கலாம்.

சகோதரியின் சிகிச்சை மெதுவாக நடந்துவந்தது. அதற்கிடையில், படுக்கையிலேயே நான்காண்டுகளாக இருக்கும் நம் சபையின் பாட்டியம்மா ஒரு ஞாயிறு மாலை எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"ஐயா, ஒங்க நெத்தித் தழும்பு எங்க போச்சு? எங்க வீட்டுப் படியில விழுந்து வாங்குனதுல்லா அது!"

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், அவர் கணவர் மரணப்படுக்கையில் இருந்த மழையிரவில், நற்கருணைப் பாத்திரத்தோடு ஓடிச்சென்று வாசற்படியில் வழுக்கி விழுந்தேன். நெற்றியில் இரத்தம் வழியவே ஜெபம் செய்தேன். அவர் கணவர் கடைசியாகக் கண்ட முகம் அது. அவ்வம்மாள் ஞாயிறுதோறும் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தது அந்தத் தழும்பையே. என் விரலால் அதை நான் அழித்திருந்தேன். வெளிச்சக் கோளாறு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, "எனக்கு நல்லா தெரியிற மாதிரி வாங்கய்யா" என்றார்.

மோசே மலையிலிருந்து இறங்கியபோது பிரகாசித்தது 'அவர் முகத்தின் தோல்' என்றே எபிரெய மூலத்தில் இருக்கிறது. தோல் என்று வேதம் தயங்காமல் சொல்கிறது. அவ்வொளி மற்றெல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் கையில் கண்ணாடி இல்லை.

அடுத்த ஞாயிறு, பிரசங்கத்திற்கு முன் சபையாரிடம் இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டேன்: யேசபேல் பிரசங்கத்திற்காக ஒன்று, கைப்பேசிக்காக ஒன்று. இரண்டாவதற்கு வாலிபர்கள் சிரித்தார்கள். தடுக்கவில்லை.

ஏழாம் மாதம் அந்தச் சகோதரி திருவிருந்துக்கு வந்தார். கையில் குடை. கன்னங்களில் சிவப்பு இன்னும் முழுதாக மறையவில்லை; முந்தானை தோளில் இருந்தது. அன்று பிற்பகல் கிராமச் சபைக்குப் புறப்பட வேண்டியிருந்ததால், ஆராதனை முடிந்த கையோடு நானும் குருமனைக்கு ஓடிச் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு, தொப்பியோடு பைக்கை வெளியே எடுத்தேன். ஆலய வாசலில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, காதோரமா வெள்ளையா நிக்குது. நல்லாத் தேச்சு விடுங்க."