வருதலும் போதலும்

ஆங்கில வினைச்சொற்களுள் மாணவரை மிகுதியும் இடர்ப்படுத்துவது எது என்று என்னிடம் வினவுவோர், நீண்டதும் அரியதுமான ஒரு சொல்லையே எதிர்பார்ப்பர். ‘கம்’ என்னும் சிறு சொல்லே அது என்று கூறினால் நகைப்பர். பாலர் வகுப்பிலேயே கற்ற சொல்லன்றோ அது!

சொல் சிறிதாயினும் அதன் ஆட்சி நுட்பமானது. தன்னை நோக்கி வருவதற்குக் ‘கம்’, தன்னை விட்டு நீங்குவதற்குக் ‘கோ’ என்று மாணவர் மனனஞ் செய்துகொள்கின்றனர். இது பாதி விதியே. பேசுவோன் இருக்குமிடத்தை நோக்கி மட்டுமன்றி, கேட்போன் இருக்குமிடத்தை நோக்கிச் செல்வதற்கும் ஆங்கிலேயர் ‘கம்’ என்றே கூறுவர். கண்டியிலுள்ள மாமனுக்கு, “நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்” என்று ஆங்கிலத்தில் எழுதப் புகும் யாழ்ப்பாணத்து மாணவன், ‘கோ’ என்று எழுதிவிடுகிறான். தமிழிலோ, “மாமா, நாளைக்கு உங்கட வீட்டை வாறன்” என்றே சொல்வான். “போறன்” என்று வாய் தவறியும் சொல்லான்.

இந்நுட்பம் நமக்குப் புதியதன்று. வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வகுத்துள்ளார். தருதலுக்கும் கொடுத்தலுக்கும் ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்னும் ஒரு சொல்லே உண்டு. ஆனால் வருதல் பற்றிய விதி ‘கம்’ என்பதற்கும் இனிது பொருந்தும்.

சொல் ஒன்று மாறினால் என்ன குடி முழுகும் என்பாரும் உளர். எங்கள் அயலில் வாழும் அம்மையார் ஒருவருக்குக் கடல் கடந்து சென்ற மகன், “டிசெம்பரில் ஐ ஆம் கோயிங் ஹோம்” என்று கைத்தொலைபேசியிற் செய்தி அனுப்பியிருந்தான். அதனை என்னிடம் கொண்டுவந்து காட்டிய அவர், “மாஸ்டர், கோயிங் எண்டால் போறதெல்லோ? இவன் எந்த வீட்டை போறான்?” என்று கேட்டார். உங்களிடந்தான் வருகிறான் என்று நான் கூறிய பின்னரே அவர் முகம் தெளிந்தது. அவர் அறிந்த ஆங்கிலம் சிறிதே. ஆயினும் அவ்வசனத்திலே தமக்கு இடமில்லாமற் போனதை அவர் உணர்ந்துகொண்டார்.

ஆதலின், எழுதுமுன் அவ்வசனத்தை ஒருமுறை தமிழிற் சொல்லிப் பார்க்குமாறு என் மாணவருக்குக் கூறுவேன். ‘வா’ என்று நாவில் எழுந்தால் ‘கம்’. ‘கொண்டுவா’ என்று எழுந்தால் ‘பிறிங்’. விடைபெறும்போது நாம் கூறும் “போயிற்று வாறன்” ஒன்றே விலக்கு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலேயனுக்கு விளங்காது. ‘ஹாவ்’ என்பதன் பின் ‘கேம்’ வாராது, ‘கம்’ என்றே வரும் என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெற்றோர் இப்பயிற்சியை இராப்போசனத்தின்போதே பிள்ளைகளுக்கு அளிக்கலாம். நன்கு தமிழ் பேசும் பிள்ளைக்கு இவ்விதியின் பெரும்பகுதி முன்னரே தெரியும். தனக்குத் தெரியும் என்பதை அதற்கு உணர்த்துவதே நம் வேலை.