பத்தாவது கேள்வி

முனிர்காவின் சந்துகளில் கட்டடங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அதில் ஒன்றின் நான்காவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிவந்த மதுரை மாணவியின் கையில் இருந்தது இரண்டு பக்கப் படிவம். 2014 நவம்பர். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு. வடகிழக்கிலிருந்து தில்லிக்குப் பிழைக்க வந்தவர்களின் மனநலம்தான் ஆய்வுத் தலைப்பு.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் மணிப்பூர்ப் பெண். மால் ஒன்றில் அழகுசாதனப் பொருள் விற்பவர். மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றார். கடையில், ஓட்டலில் கவனிக்காமல் விடுகிறார்களா? ‘இல்லை.’ ஆறாவது கேள்வியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகினார். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார். ஙாரி, அதாவது மணிப்பூரில் புளிக்கவைத்துப் பக்குவம் செய்யும் மீன், சூடேறியதும் அறை முழுக்க நெடி. மாணவிக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. பாட்டி வீட்டுக் கருவாட்டுப் பானைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

ஜன்னலைச் சாத்தியதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.

அந்த ஒன்பது கேள்விகளின் பூர்வீகம் அமெரிக்கா. டெட்ராய்ட் வட்டாரத்தில் 1995-ல் நடந்த ஆய்வை வைத்து டேவிட் வில்லியம்ஸும் சகாக்களும் 1997-ல் வெளியிட்டவை. நிறத்தின் பேரால் வேலை மறுப்பது, போலீஸ் தொல்லை போன்ற பெரிய சம்பவங்களை மட்டுமல்ல, அன்றாடம் சேரும் சிறுமைகளையும் அளக்க வேண்டும் என்பது அவர்களது வாதம். நல்ல கருவிதான். ஆனால் டெட்ராய்டில் யாரும் வீட்டுக்காரருக்குப் பயந்து குழம்பு வைக்கவில்லை போலிருக்கிறது.

தில்லியில் இந்தப் பயத்துக்கு அரசாங்க முத்திரையே உண்டு. வடகிழக்கிலிருந்து வருபவர்களுக்கென்று 2007-ல் தில்லி போலீஸ் ஒரு கையேடு போட்டது. எப்படி உடுத்த வேண்டும் என்பதோடு, மூங்கில் குருத்து, அகூனி போன்றவற்றை அக்கம்பக்கத்தில் சலசலப்பு ஏற்படாமல் சமைக்க வேண்டும் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. ‘சிங்கி’ என்று அழைப்பவர்கள் மீது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைச் சட்டத்தைப் பிரயோகிக்கும்படி 2012-ல் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அந்த விற்பனைப் பெண் மெய்தேய். பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர். அவரை அப்படி அழைத்தால் அந்தச் சட்டம் வராது.

பிறகு 2014 ஜனவரி 29. லாஜ்பத் நகரில் வழி கேட்க நின்ற அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடைக்காரர்கள் கேலி செய்ய, தகராறு முற்றி அடி விழுந்தது. மறுநாள் அவர் இறந்துபோனார். பெஸ்பரூவா கமிட்டி அமைந்தது, ஜூலையில் அறிக்கையும் வந்தது. சட்டத் திருத்தம், விரைவு நீதிமன்றம், பாடத்திட்டத்தில் வடகிழக்கின் வரலாறு என்று நீளமான பரிந்துரைகள்.

மாணவி இந்தத் தலைப்பை எடுத்ததற்கு இவையெல்லாம் காரணம் என்றுதான் ஆய்வு முன்னுரை சொல்கிறது. சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு.

2013-ல் தில்லி வந்த புதிதில் விஜய் நகரில் பேயிங் கெஸ்டாக இருந்தார். அறைத்தோழி இம்பாலைச் சேர்ந்தவர். மதுரையிலிருந்து போன். “கூட யாருடி இருக்கா?” என்றார் அம்மா. “ஒரு சைனாக்காரிம்மா” என்று சிரித்தார் மகள். கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த தோழி நிமிர்ந்து பார்த்தார், மீண்டும் மடித்தார். இரண்டு மாதம் கழித்து அறையைக் காலி செய்தார். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் ஜந்தர் மந்தரில் நிடோவுக்காகக் கூட்டம் கூடியபோது தோழி போனார் என்று கேள்வி. மாணவி வகுப்புக்குப் போனார்.

“மனசு எப்படி இருக்கிறது?” என்ற கேள்விக்கு முனிர்காவில் கிடைத்த பதில்கள் எல்லாம் உடம்பைப் பற்றியவை. தலைவலி. தூக்கமில்லை. வயிறு சரியில்லை. ஒருவர் தெருவில் எப்போதும் இயர்போனோடு நடப்பார். பாட்டு எதுவும் ஓடாது. யாராவது எதையாவது சொன்னால் காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்ளலாமே! யமுனைக்கு அப்பால் ஷாதராவில் இப்ஹாஸ் இருக்கிறது. பழைய மனநோய் மருத்துவமனை 1993-ல் புது உருவெடுத்த நிறுவனம். அங்கே போகலாமா என்றால் “எனக்கென்ன பைத்தியமா?” என்பார்கள். 2015-16-ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் மணிப்பூர் உண்டு, தில்லி இல்லை. தில்லியில் வாழும் மணிப்பூரிகளுக்கு அதில் எந்தக் கட்டம்?

சமூகக் கல்வியும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. வடகிழக்கின் எட்டு மாநிலங்களையும் வண்ணம் தீட்டிய வரைபடத்தோடு முனிர்கா வீட்டுக்காரர்களைக் கூட்டினார் மாணவி. ஹூக்கா புகைத்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு வரைபடம் ரசிக்கவில்லை. “நீ மதராஸியா?” என்றார்கள். வீட்டுக்கார அம்மாள் ஒருவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “அந்த நாற்றத்தில் நீ ஒரு நாள் இருந்து பார், பேட்டீ.”

“எங்கள் வீட்டிலும் மீனைக் காயவைத்துச் சமைப்போம், ஆன்ட்டி. தெருமுனை வரைக்கும் மணக்கும்.”

“மதராஸிகள் இட்லி தின்பவர்கள் என்றல்லவா நினைத்தேன்!”

சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாளை வில்லியாக்கிவிடுவது எளிது. ஆனால் கிராமத்தின் விளைநிலங்கள் அரசுக் குடியிருப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்ட பிறகு அவருக்கு வாடகைதான் மகசூல். குடித்தனக்காரர் வேண்டும், அவர்கள் அடுப்பு மட்டும் வேண்டாம். கடைசியில் ஒரு சலுகை கொடுத்தார்: “முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சமைக்கட்டும். மாடியில் காயும் துணியை எடுத்துக்கொள்கிறேன்.” வரைபடம் சாதிக்காதது!

அன்றிரவே படிவத்தில் பத்தாவது கேள்வியை எழுதிச் சேர்த்தார் மாணவி: சமைக்கும்போது ஜன்னலைச் சாத்துகிறீர்களா? அதற்கு ‘இல்லை’ என்றவர்கள் அபூர்வம். பதில் சொன்ன பிறகு பலர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய் ‘இல்லை’களை அடித்துத் திருத்தினார்கள். ஆய்வேடு 2015-ல் ஏற்கப்பட்டது. அந்தப் பழைய அறைத்தோழியிடம் மட்டும் படிவத்தை நீட்டத் துணிவு வரவில்லை.

2020 மார்ச் 22 இரவு. அதே விஜய் நகரில் மணிப்பூர்ப் பெண் ஒருவர் மீது ஸ்கூட்டரில் வந்த ஆள் ‘கொரோனா’ என்று கத்திப் பான் எச்சிலைத் துப்பினான். செய்தியைப் படித்தபோது மாணவி மதுரையில் வேலையில் இருந்தார். ஆறு வருடமாகத் தொடாத எண்ணை அழைத்தார்.

“நான் இல்லை, பயப்படாதே” என்றார் தோழி, எடுத்த எடுப்பில்.

“அன்றைக்கு அம்மாவிடம் போனில் நான்...”

“சைனா என்ற வார்த்தைக்குத் தமிழ் தெரிய வேண்டுமா என்ன?”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. “அடுப்பில் வேலை இருக்கிறது, பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்” என்று தோழி வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.