பத்து மீட்டர் தூரம்



சென்ற வாரம் வேதபாட வகுப்பில், ‘பாவம்’ என்னும் சொல்லுக்கு மூலமொழிகளில் ‘குறி தவறுதல்’ என்ற பொருள் உண்டு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு வாலிபர், “அப்படியானால் குறி தவறாமல் சுடுகிறவன் நீதிமானா ஐயா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வியை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதை இன்று உங்களுக்கு எழுதுகிறேன். இதில் வரும் அன்பர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எழுதலாம் என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அவர் திருவையாற்றுப் பக்கத்து விவசாயி. வயதில் என்னைவிடச் சற்று மூத்தவர். தந்தை விட்டுச்சென்ற சுழல் துப்பாக்கி ஒன்று, முறையான உரிமத்தோடு அவர் பெயருக்கு மாறியிருந்தது. .22 அங்குலக் குழல், ஆறு தோட்டா, உள்ளங்கையில் அடங்கிவிடும் பழைய வெளிநாட்டுச் சாமான். கல்லூரி நாட்களில் நான் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “ஐயா, இது எங்க சுட்டாலும் எங்கயோ போவுது. ஒருநாள் கூட வந்து என்னன்னு பாருங்களேன்” என்றார். அவர் திருச்சி ரைபிள் கிளப்பில் உறுப்பினர். 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிக்கு வந்தபோது ரசிகர்கள் திரண்டார்களே, அதே இடம். சுடுவது அவர், சொல்லித்தருவது பயிற்றுநர். பின்னால் நாற்காலியில் அமர்ந்து குறிப்பேட்டில் பதிவது என் வேலை. போதகருக்கு இது தகுமா என்று நான் யோசிக்கவே இல்லை. பழைய ஆசை ஒன்று எழுந்துவிட்டது, மறைப்பானேன்!

அந்தச் சிறு கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சாதாரணத் தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவிலே ஒரு சிறு பொட்டு இருக்கும். அதைத் தட்டினால் வெடிக்கும். .22 தோட்டாவில் அந்தப் பொட்டு கிடையாது. பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் தடவப்பட்டிருக்கும். விளிம்பில் எங்கே அடித்தாலும் வெடிக்கும். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் முதல் சுழல் துப்பாக்கியை இவ்வகைத் தோட்டாவுக்கே செய்தது. தோட்டா உறையின் கொழுப்பை முன்னிட்டு நம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு! இதன் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்றே மேல். அதிர்வு குறைவு, சத்தம் குறைவு, விலையும் குறைவு; ஆகவே பழகுவதற்கு ஏற்றது. ஆனால் விளிம்பு மருந்து தோட்டாவுக்குத் தோட்டா ஒரே சீராக அமைவது கடினம். ஒரு பெட்டியில் உள்ளவை நெருக்கமாகப் போய் விழும். வேறொரு தயாரிப்பைப் போட்டால் அதே கை, அதே குழல், ஆனால் சிதறும். எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

பயிற்றுநர் முதலில் கையை நம்பவில்லை, கருவியையும் நம்பவில்லை. மணல்மூட்டையின்மேல் மணிக்கட்டை வைத்துச் சுடச் சொன்னார். ஆறு அறைகளுக்கும் எண் இட்டு, ஒவ்வோர் அறைக்கும் தனித்தாள் வைத்தார். சுழல் துப்பாக்கிக்கு ஒரே குழல்தான். ஆனால் அறைகள் ஆறு. ஒவ்வொன்றும் சுழன்று வந்து குழலுக்கு நேராக நிற்க வேண்டும். ஓர் அறை மயிரிழை விலகி நின்றாலும் குண்டு குழலின் வாயில் உரசிக்கொண்டு நுழையும்; அந்த அறையின் தாள் மட்டும் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஐந்து அறைகள் ஒழுங்காக இருந்தன. நான்காம் அறையில் மட்டும் பல தோட்டாக்கள் வெடிக்கவே இல்லை. காரணம் விளங்கியது. ஒவ்வொரு முறை துடைக்க எடுக்கும்போதும், வீட்டில் யாரோ தோட்டா இல்லாமலே விசையை இழுத்து விளையாடியிருக்கிறார்கள். இவ்வகைத் துப்பாக்கியில் அது கூடாது. நடுவில் அடிக்கும் ஊசியானால் வெற்றிடத்தில் போய் நிற்கும். விளிம்பில் அடிக்கும் ஊசியோ அறையின் எஃகு ஓரத்திலேயே போய் மோதும். மோதி மோதி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அதைச் சீர்செய்தார். குழலின் வாயில் படிந்திருந்த ஈயத்தையும் சுரண்டி எடுத்தார்.

இதன் பிறகும் கையில் பிடித்துச் சுட்டால் சிதறல் குறையவில்லை. சிறிய துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் சிறியது. அது 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகி விழும். அதனால்தான் இலக்கைப் பார்க்காதே, முன்குறியைப் பார் என்கிறார்கள். நம் கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காணும். முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். அடுத்தது விசை. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தாமல் சுட்டால், உருளையைச் சுழற்றி, சுத்தியலைத் தூக்கி, விடுவிக்கும் வேலை முழுவதையும் ஒரே விரல் செய்ய வேண்டும். விளிம்புத் தோட்டாவுக்குப் பலமான அடி தேவை என்பதால், சுருளை இளக்கி விசையை இலேசாக்கவும் முடியாது, இளக்கினால் வெடிக்காது. ஆகவே முதலில் சுத்தியலை நிறுத்திச் சுடப் பழகினார்.

பிறகு பயிற்றுநர் செய்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று, ஆறில் சில அறைகளில் நல்ல தோட்டாவும் சிலவற்றில் ஏற்கனவே வெடித்த வெற்று உறையும் இட்டுக் கொடுத்தார். எது எங்கே இருக்கிறது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. அன்பர் விசையை இழுத்தார். ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. ஆனால் குழலின் மூக்கு கீழே, இடப்பக்கமாகத் தலை கவிழ்ந்ததை நாங்கள் மூவருமே கண்டோம். வெடிக்கவே இல்லை, கை மட்டும் வெடிப்புக்கு அஞ்சி முந்திக்கொண்டது. சத்தம் எழும்போது இந்த நடுக்கம் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. வெற்று உறை அதை வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

நான் என்.சி.சி. நாட்களில் கற்ற ஒன்றையும் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஹவில்தார் குழலின் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொல்வார். வெற்று உறைகளை இட்டுக்கொண்டு அன்பர் இதை நாள்தோறும் செய்தார். ஒரு மாதத்தில் ஆறு குண்டுகளும் உள்ளங்கை அளவுக்குள் விழத் தொடங்கின. குறிப்பேட்டில் நான் மகிழ்ச்சியோடு பதிந்தேன். அவர் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். .22 கைத்துப்பாக்கிப் போட்டியின் தூரம் 25 மீட்டர் என்று பயிற்றுநர் பலமுறை சொல்லியும், “எனக்கு பத்து மீட்டர் போதும்” என்று மறுத்துவிட்டார்.

அன்று திரும்பும் வழியில் செங்கிப்பட்டியில் தேநீர் குடிக்க நின்றோம். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“இனிமே தப்பாதுங்க ஐயா. எங்க வரப்புலேர்ந்து வாய்க்கா மதகுக்குச் சரியா பத்து மீட்டர். அளந்து பாத்துட்டேன்.”

“மதகில் யார்?” என்றேன்.

“தம்பிதான். ராத்திரியில வந்து பலகையப் போட்டு தண்ணிய அவன் பக்கம் திருப்பிடுறான்.”

என் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் சுட்டது கூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் உடனே, “சுடுவேன்னு சொல்லல ஐயா. கையில இருக்குன்னு தெரிஞ்சா அடங்குவான்” என்றார். வல்லம் வரும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நீங்கள் டெல்டாவில் வாழ்கிறவர்கள்; 2023ஐ மறந்திருக்கமாட்டீர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தும், போதிய தண்ணீர் வராமல் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10இல் அணையையே மூடினார்கள். அந்த ஆண்டு தண்ணீர் முறைக்காக எத்தனை வீடுகளில் பேச்சு நின்றுபோனது என்பதை ஜெபக்கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். தந்தை பாகம் பிரித்தபோது மூத்தவருக்குத் துப்பாக்கியும் இளையவருக்கு மதகை ஒட்டிய நிலமும் போயிருக்கின்றன. இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு மாதம் அவரோடு போய்வந்திருக்கிறேன். எந்த விரல், எந்தத் தோட்டா, எந்த அறை என்று ஆயிரம் கேட்டவன், எதற்கு என்று ஒருமுறை கேட்கவில்லை.

இரவு நியாயாதிபதிகள் 20ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பென்யமீன் கோத்திரத்தில் இடதுகைப் பழக்கமுள்ள 700 வீரர்களைப் பற்றி 16ஆம் வசனம் சொல்கிறது. கவணில் கல்லை வைத்து ஒரு மயிரையும் தப்பாமல் எறிவார்கள். குருகுலத்தில் எபிரெயம் படித்த நாளில் இந்த வசனத்தைப் பாடமாகவே படித்திருக்கிறேன். ‘தப்புதல்’ என்பதற்கு அங்கே வரும் வினைச்சொல்லும், வேதமெங்கும் ‘பாவம் செய்தல்’ என்பதற்கு வரும் வினைச்சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை. சொல்லளவில், அந்த எழுநூறு பேரும் ‘பாவம் செய்யாத’ கையுடையவர்கள்! ஆனால் எந்தப் போருக்கு வந்து நின்றார்கள்? ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொன்ற கிபியாவின் மனிதரை ஒப்படைக்க மறுத்து, தங்கள் சகோதரருக்கு எதிராக நின்றார்கள். இஸ்ரவேலில் முதல் நாள் 22,000 பேர், இரண்டாம் நாள் 18,000 பேர் விழுந்தார்கள். இறுதியில் ரிம்மோன் கன்மலையில் ஒளிந்த பென்யமீனியர் 600 பேர் மட்டும் மிஞ்சினர். வாலிபரின் கேள்விக்கு நான் அறிந்த பதில் அந்த அதிகாரத்தில் இருக்கிறது.

நம் மண்ணிலும் அப்படி ஓர் இரவு உண்டு. 1968 டிசம்பர் 25, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிகளும் இருந்தன. இந்த வயற்காட்டில் வரப்பின்மேல் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார் என்பதைக் கேட்டும் சிரித்துவிட்டுப் போக நம்மால் முடியாது.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல், அந்த வரப்புக்குப் போனேன். மதகருகே தம்பி நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மீட்டர் என்பது எவ்வளவு கிட்டே என்று அப்போதுதான் உணர்ந்தேன். களத்தில் அது ஒரு கறுப்பு வட்டம். இங்கே அது நரைத்த மீசை, கிழிந்த பனியன், முழங்கையில் ஒரு பழைய தழும்பு. “அது நான் தள்ளிவுட்டு விழுந்தது. அப்ப அவனுக்கு ஏழு வயசு” என்றார் அன்பர், நான் கேட்காமலே. தம்பி நிமிர்ந்து பார்த்து, “வாங்க ஐயா” என்றார், எனக்கு மட்டும்.

மார்ச் 16இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள், அவரும் ஒப்படைத்தார். ஜூன் 4இல் முடிவுகள் வந்த பிறகு மற்றவர்கள் போய் வாங்கிக்கொண்டார்கள். இவர் போகவில்லை. அழைப்பு வந்தபின் வாங்கி, அப்படியே உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரின் பாதுகாப்பில் வைத்துவிட்டு, ரசீதை எனக்குக் காட்டினார். “வித்துடலாமான்னு தோணுது. அப்பா வச்சிருந்ததாச்சே” என்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

அவ்வாண்டு மேட்டூர் ஜூலை 28இல்தான் திறந்தது. தண்ணீர் வந்தது. முறைத் தகராறு தீரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டுமுறை கூடிப் பேசியும் முடிவில்லை. போன மாதம் தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அண்ணனுக்கு இரத்தக்கொதிப்பு கூடிவிட்டதாமே, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

“நீங்களே போய்க் கேட்கலாமே தம்பி” என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னும் இல்லீங்க ஐயா” என்றார்.