உப்பில் ஊறிய ராடு

பழைய அவுட்போர்டு என்ஜினில் ட்ரிம் ஆயில் ஒழுகுகிறது என்று வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சீல் கிட்டைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். “அண்ணே, சீலு மட்டும் மாத்தித் தந்தாப் போதும், நாளைக்கிக் கடலுக்கு எறங்கணும்.” பஹ்ரைனில் முஹர்ரக் பக்கம் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. கிட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்ஜினை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் ராடை முதலில் துடைப்பேன். சீல் தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் ராடுதான் அதைக் கொல்கிறது.

எங்கள் கன்னியாகுமரிக் கரையில் இந்த நோய்க்கே வேலையில்லை. ஃபைபர் வள்ளத்தில் மாட்டுகிற அவுட்போர்டு சின்னது. கரை வந்தால் ஒரு ஆள் கையால் தூக்கிப் போட்டுவிடுவான். இங்கே தராத் எனப்படும் படகின் பின்னால் தொங்குவது யமஹா 115 மாதிரி வி4 டூ-ஸ்ட்ரோக்; எடை 150 கிலோவுக்கு மேல். கடலோ ஆழமில்லாதது. கடல் வற்றும் நேரத்தில் ஃபஷ்த் எனப்படும் மேட்டுப் பாறைகளின் மேல் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜினை ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஹைட்ராலிக்.

அந்த யூனிட்டில் மூன்று சிலிண்டர்கள். நடுவில் இருப்பது டில்ட், இரண்டு பக்கமும் ட்ரிம். 12 வோல்ட் மோட்டார் ஒன்று சின்ன கியர் பம்பைச் சுற்றுகிறது. ஏற்ற ஒரு ரிலே, இறக்க ஒன்று. முதல் 20 டிகிரி சுமாருக்கு ட்ரிம் ராடுகளும் சேர்ந்து முட்டுக் கொடுக்கும். அதற்கு மேல் டில்ட் ஒன்றே தூக்கும். ட்ரிம் ராடின் நுனி எதிலும் பின் போட்டு மாட்டப்பட்டிருக்காது. பிராக்கெட்டைத் தள்ளிக்கொண்டு சும்மா நிற்கும். டில்ட் பிஸ்டனுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. என்ஜின் கால் பாறையில் அடித்தால் அவை திறந்து என்ஜினை மேலே துள்ள விடும்; மறுபடி பழைய இடத்துக்கே இறக்கும். இதை யோசித்துச் செய்தவன் கெட்டிக்காரன். பாறை பார்த்து ஓட்டாத ஆட்கள் இருக்கும் கடலில் இன்னும் எத்தனையோ என்ஜின்கள் பிழைத்திருப்பது அவனால்தான்.

ராடைக் கெடுப்பது இந்தக் கடல். சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. வளைகுடாவில் 40 கிராமைத் தொடும். கோடையில் தண்ணீரே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுடும். படகு கட்டிக் கிடக்கும்போது ராடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் சிப்பி ஒட்டும். ஒட்டிய இடத்தில் காற்று படாமல் உலோகம் உள்ளுக்குள் அரிக்கும். மறுநாள் சுவிட்சை அமுக்கியதும் சிப்பியோடு ராடு உள்ளே போகும். சீலின் உதடு கிழிவதற்கு அந்த ஒரு தடவை போதும். சிப்பி உதிர்ந்த பிறகும் ஊசி குத்தினாற்போல் குழிகள் நிற்கும். புது சீல் போட்டாலும் அதையும் அவை தின்றுவிடும்.

கண்ணால் பார்த்தால் இந்தக் குழி தெரியாது, ஆயில் பூச்சு மறைத்துவிடும். துணியால் துடைத்து, கொஞ்சம் பஞ்சை எடுத்து ராடைச் சுற்றித் தேய்ப்பேன். குழி இருக்கிற இடத்தில் பஞ்சு நூல் விட்டு மாட்டும். பிறகு நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் வழுக்கிக்கொண்டு போனால் 1200 வாட்டர் பேப்பரை நனைத்து ராடைச் சுற்றி, வட்டமாக, தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்க்கவே கூடாது. அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஆயில் வெளியே வர ஒரு வாய்க்கால். நகம் மாட்டினால் ராடை மாற்றத்தான் வேண்டும். குழியில் எபாக்சி அடைத்துச் சமன் செய்கிறவர்கள் உண்டு. நானும் அவசரத்துக்குச் செய்திருக்கிறேன், “இது தற்காலிகம்” என்று சொல்லிவிட்டு. பழைய என்ஜின்களைக் கழற்றிப் போட்ட குவியலில் நல்ல ராடு ஒன்று கிடைத்தால் அதுவே மேல்.

வேலையின் முக்கால்வாசி, சிலிண்டர் மூடியைக் கழற்றுவதில் போகிறது. முதலில் என்ஜினை முழுக்கத் தூக்கி, செயின் பிளாக்கில் மாட்டிவிட வேண்டும். டில்ட் லாக் கம்பியை மட்டும் நம்பிக் கீழே தலையை நீட்டுவது மடத்தனம். பழைய என்ஜினில் அதுவும் துருப்பிடித்த கம்பிதான். அடுத்து பக்கவாட்டில் உள்ள மேனுவல் வால்வைத் திறந்து பிரஷரை விட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி. அதன் முகத்தில் பின் ஸ்பேனருக்கான குழிகள் உண்டு. மரைக்குள் அலுமினியம் வெந்து வெள்ளைப் பொடியாக உப்பிக்கொண்டு நிற்கும். ஸ்பேனரை மிதித்தால் குழி வட்டமாகிப் போகுமே தவிர மூடி நகராது. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மரையிலே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விடுவேன். காலையில் பாடியை ஹீட் கன்னால் சூடாக்கி, ஸ்பேனரை மாட்டி, அதன் முதுகில் சுத்தியலால் நிதானமாகத் தட்டிக்கொண்டே திருப்புவேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது வந்துவிட்டால் மீதி விரலுக்கு வேலை. வராவிட்டால் மூடியை உளியால் வெட்டி எடுப்பேன். மூடி புதிது வாங்கலாம், பாடியின் மரை போனால் யூனிட்டே போச்சு.

புது சீலின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும், தூசி தடுக்கும் வைப்பரின் உதடு வெளிப்பக்கம். ட்ரிம் ராடின் நுனி பிராக்கெட்டில் முட்டி முட்டி ஓரம் பிதுங்கியிருக்கும். அந்த ஓரத்தின் மேல் மூடியை அப்படியே நுழைத்தால் புது சீல் முதல் அடியிலேயே வெட்டுப்படும். பிதுக்கத்தை அரத்தால் ராவிவிட்டு, குளிர்பானப் பாட்டில் பிளாஸ்டிக்கைக் கூம்பாகச் சுருட்டி நுனியில் மாட்டி, ஆயில் தடவி, அதன் மேல் மூடியை வழுக்க விடுவேன்.

வெளியே ஒரு சொட்டு இல்லாமல் என்ஜின் ராத்திரியில் தானாக இறங்குகிறது என்றால் அது வேறு நோய். மேனுவல் வால்வின் ஓ-ரிங்கோ டில்ட் பிஸ்டனின் ஓ-ரிங்கோ உள்ளுக்குள் விடுகிறது. அங்கே ராடு சீலை மாற்றிக் காசு வாங்குவது பாவம்.

கழற்றிய ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முழுக்க வடித்துவிட வேண்டும். புது ஏடிஎஃப் ஆயில் ஊற்றி, ஏற்றி இறக்கி, நுரை அடங்கக் காத்திருந்து, என்ஜின் முழுக்கத் தூக்கிய நிலையில் அளவு பார்த்து நிரப்ப வேண்டும். இறங்கிய நிலையில் ஆயில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். பிராக்கெட்டின் கீழே கரைந்துபோன ஆனோடையும் அன்றே மாற்றிவிடுவேன்.

படகைக் கொடுக்கும்போது அதை ஓட்டும் பையன்களுக்கு ஒன்று செய்து காட்டுவேன். என்ஜினைத் தூக்கி, லாக் கம்பியில் உட்கார வைத்த பிறகு, இறக்கும் சுவிட்சை மறுபடி அமுக்கினால் ட்ரிம் ராடுகள் இரண்டும் உள்ளே போய்விடும். சிப்பி ஒட்ட இடமில்லை. கம்பெனி கையேட்டிலேயே இருக்கிறது, ஆனால் கையேடு படகோடு வருவதில்லை. “இதுக்குத்தானாண்ணே இவ்வளவு செலவு?” என்று சிரிப்பார்கள். சிலர் செய்கிறார்கள். மற்றவர்கள் அடுத்த சீல் கிட்டோடு வருகிறார்கள்.